நாலு முதுகுகள்

முகங்கள் எனக்கு அவ்வளவு பழக்கமில்லை.
கோல் கம்பத்தடியில் நிற்கிறவனுக்கு
முதுகுதான் பழக்கம்.
வலப்பக்கத்திலிருந்து
ரெண்டு, அஞ்சு, பதினாறு, மூன்று.
பதினாறின் ஜேர்சி அவனுக்குப் பெரிது,
சோளகம் அடித்தால் படகுப் பாய்போலப் புடைக்கும்.

போன வருசம் முப்பத்தொரு கோல் வாங்கினோம்.
வாங்கினது நான் என்றுதான் ஊர் சொல்லும்.
பாசையூர்ச் சந்தையில் மீதிக்காசு நீட்டியவள்
"இதையாவது பிடி தம்பி" என்றாள்.

அந்தப் பழைய பின்வரிசையில்
ஒருத்தன் பாரிசில் கோழி வெட்டுகிறான்.
ஒருத்தனுக்கு முழங்கால்.
ஒருத்தன் கட்டாரில், என்ன வேலை என்று சொல்வதில்லை.
மற்றவன் கலியாணம் கட்டி
மாமனாரின் ஹாட்வெயார்க் கடையில் ஆணி நிறுக்கிறான்.

கழகத்திடம் இருந்த காசெல்லாம்
கானாவிலிருந்து வந்த முன்கள வீரனோடு முடிந்தது.
வீடு, ஸ்கூட்டி, மாசக் கடைசியில் டொலர்.
பின்னுக்கு நிற்க, மலிவாய், நாலு பெடியள்.
நாலு பேரின் வயதையும் கூட்டினால் எழுபத்தேழு.
எங்கள் தலைவருக்கு எழுபத்தொன்பது.

"கரைவலை இழுக்கிறமாதிரி நில்லுங்கோ,
நாலு பேருக்கும் ஒரே கயிறு" என்றார் கோச்.
அவர் மானிப்பாய்.
பாசையூர் றெக்சன் சிரித்துவிட்டான்:
"சேர், நான் வலை தொட்டதே இல்லை.
எங்கட அப்பா பஸ் ஓடுறார்."

அடுத்த நாள் கோச் உண்மையான கயிற்றோடு வந்தார்.
நாலு இடுப்பிலும் கட்டினார்.
விடிய அஞ்சரை, பனி, காய்ந்த புல்.
சாருஜன் ஏறினால் றெக்சன் விழுந்தான்,
றெக்சன் விழ நிப்றாசும் விழுந்தான்,
மூன்றாம் இலக்கக் கலைவேந்தன் நின்றபடியே
எல்லாரையும் தூசணத்தில் எழுப்பினான்.
ரெண்டு கிழமை.
முழங்கை, முட்டி, ஒரு பல்லின் நுனி.

மூன்றாம் கிழமை கயிற்றை அவிழ்த்தார்.
இல்லாத கயிறு இழுபடுவதை
அன்றைக்கு நான் பின்னால் நின்று பார்த்தேன்.
யாருக்கும் சொல்லவில்லை.
சொன்னால் அறுந்துவிடும் போலிருந்தது.

பிறகு ஆறு ஆட்டம். வாங்கியது ரெண்டே ரெண்டு கோல்,
அதில் ஒன்று என் பிழை.
மழைக்காலத்துக் கிணறுபோல
நான் சும்மா நிரம்பி நின்றேன்.

துரையப்பா மைதானம். கொழும்பு அணி.
சைபர், சைபர். எண்பத்தேழாவது நிமிசம்.
"ஏறு" என்று கத்த வாயெடுத்தேன்,
தொண்டைக்குள் புழுதி.
கத்தவில்லை நான்.
அதற்கு முதலே நாலு முதுகும் ஏறிவிட்டன,
ரெண்டே அடி, ஒரே மூச்சில்.
அவர்களின் முன்கள வீரன்
முகவரி மாறி வந்தவன்போல
என்னோடு தனியே நின்றான், காலில் பந்து.

கொடி எழும்பவில்லை.
கோட்டோரம் நின்றவர் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார்.
பந்து என் இடக்கைக்குக் கீழால் போனது.

அப்போதுதான் நாலு பேரும் ஒன்றாகத் திரும்பினார்கள்.
றெக்சனின் கீழுதட்டில் மச்சம் இருந்தது.
சாருஜனுக்கு மீசை இன்னும் வரவில்லை.
கலைவேந்தன் கொடிக்காரரின் பரம்பரையை
அழைத்துக்கொண்டிருந்தான்.
நிப்றாஸ் மட்டும் கிட்ட வந்தான்:
"அண்ணை, கோடு சரிதானே?"
"சரி."
"அப்ப சரி" என்று திரும்பினான்.
மறுபடி பதினாறு.

வெளியே சோடா லொறிக்குப் பக்கத்தில்
சப்பாத்தில் புழுதி படாத ஒருவர்.
"அந்தப் பதினாறு ஆர்? நம்பர் இருக்கோ?
மாலைதீவில ஒரு கழகம் தேடுது.
இங்க எடுக்கிறதைப்போல ஆறு மடங்கு."

ஐந்து சந்தியில் அவன் வீட்டுக்குக்
கூரை பாதிதான் போட்டிருக்கிறது.
புத்தளத்திலிருந்து திரும்பி வந்த வீடு.
எனக்குத் தெரியும்.
போனை எடுத்து
ஒவ்வொரு இலக்கமாக, மெதுவாக,
அவர் எழுத எழுதச் சொன்னேன்.
கடைசி இலக்கத்தை மாற்றிச் சொன்னேன்.

நாளை அஞ்சரைக்குப் பயிற்சி.
அந்த முதுகுக்குப் பின்னால்தான்
நான் நிற்கவேணும்.